சரக்கு இருக்கு, தேடினா வரலை: ஆன்லைன் கடையின் தேடல் பெட்டிக்கு எது தெரியும், எது தெரியாது?

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். மணப்பெண்ணின் அக்கா, ஆபீஸ் கேபில் உட்கார்ந்தபடி செல்போனில் ஒரு சேலைக் கடையின் தளத்தைத் திறக்கிறார். தேடல் பெட்டியில் 'கூரைப்புடவை 9 கஜம்' என்று டைப் செய்கிறார். 'பொருட்கள் எதுவும் கிடைக்கவில்லை' என்று பதில் வருகிறது. "சரி, இங்க இல்ல போல" என்று அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

அந்தக் கடையில் அன்று பதினொரு கூறைப்புடவைகள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'நீளம்: 8.2 மீட்டர்' என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. 9 கஜம் என்றால் ஏறக்குறைய அதே நீளம்தான். ஆனால் 'நீளம்' என்ற அந்தக் கட்டத்தைத் தேடல் பெட்டி படிக்கவே இல்லை. படித்திருந்தாலும் 'கஜம்' என்ற சொல் அங்கே இல்லை.

இது ஒரு கற்பனைக் காட்சி. ஆனால் சொந்தமாக ஆன்லைன் கடை நடத்துபவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சரக்கு இருக்கும், விலையும் சரியாக இருக்கும், போட்டோவும் நன்றாக இருக்கும். தேடினால் மட்டும் வராது. வாடிக்கையாளர் போன் செய்து திட்டவும் மாட்டார், அமைதியாகப் போய்விடுவார். அதனால் இப்படி ஒரு நஷ்டம் நடப்பதே கடைக்காரருக்குத் தெரியாது.

ஏன் இப்படி நடக்கிறது? சரிசெய்ய என்ன செய்ய வேண்டும்?

பக்கத்தில் தெரிவது வேறு, தேடலில் கிடைப்பது வேறு

காஞ்சிபுரத்தில் நேரில் ஒரு கடைக்குப் போய், "பாலும் பழமும் கட்டத்துல, கோபுர பார்டர் வெச்சு, ரொம்ப வெயிட் இல்லாம காட்டுங்க" என்றால், கடைப் பையன் அலமாரியில் சரியான அடுக்கைத் தொட்டு எடுத்துப் போடுவார். கட்டம், பார்டர், எடை என மூன்று விவரங்களும் அவர் மனதில் தனித்தனியாக இருக்கின்றன.

ஆன்லைன் கடையில் அந்தப் பையனின் வேலையைத் தேடல் பெட்டி செய்ய வேண்டும். அதற்குக் கண் கிடையாது. எந்த இடத்தில் தேடச் சொல்லியிருக்கிறோமோ அங்கே மட்டும்தான் தேடும்.

எல்லாப் பொருளுக்கும் பொதுவான விவரங்கள் சில உண்டு: பெயர், விலை, விவரணை, படம். கடை மென்பொருளில் இவற்றுக்கு முதலிலேயே இடம் ஒதுக்கியிருப்பார்கள். சேலைக்கே உரிய பார்டர், முந்தானை, ஜரிகை வகை, நீளம், எடை, பிளவுஸ் துணி உண்டா இல்லையா போன்றவற்றை நாம்தான் சேர்க்க வேண்டும். இவற்றைத்தான் 'கஸ்டம்' விவரங்கள் என்கிறார்கள். மென்பொருளைப் பொறுத்து அட்ரிபியூட், கஸ்டம் ஃபீல்டு, மெட்டாஃபீல்டு என்று பெயர் மாறும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு விவரத்தைச் சேர்த்தால் அது பொருளின் பக்கத்தில் தெரியும். அதனாலேயே தேடலிலும் வரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல மென்பொருள்களில் அது தானாக நடக்காது. காட்டுவது ஒரு வேலை, தேடவைப்பது இன்னொரு வேலை.

புத்தகத்தின் கடைசிப் பக்கம்

தடிமனான ஒரு புத்தகத்தில் 'ஜரிகை' என்ற சொல் எங்கே வருகிறது என்று பார்க்க, நாம் எல்லாப் பக்கத்தையும் புரட்டுவதில்லை. கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் பார்க்கிறோம். 'ஜரிகை: பக்கம் 14, 52, 90' என்று அதில் இருக்கும்.

நல்ல தேடல் மென்பொருள்களும் இதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அது எந்தெந்தப் பொருளில் வருகிறது என்ற பட்டியலை முன்கூட்டியே தயாரித்து வைக்கின்றன. இந்தப் பட்டியலுக்கு இண்டெக்ஸ் என்று பெயர். 1999-ல் டக் கட்டிங் எழுதத் தொடங்கிய லூசீன், அதன்மேல் கட்டப்பட்டு 2010-ல் வெளியான எலாஸ்டிக்சர்ச் எல்லாம் இந்த முறையில் இயங்குபவைதான்.

சொல்லடைவு தயாரிப்பவர் அடிக்குறிப்புகளை விட்டுவிட்டால், அடிக்குறிப்பில் உள்ள சொற்கள் அதில் இருக்காது. கஸ்டம் விவரங்களும் அந்த அடிக்குறிப்பு மாதிரிதான். 'இதையும் சேர்த்துக்கொள்' என்று யாராவது சொல்ல வேண்டும்.

எந்த மென்பொருளில் என்ன நிலைமை?

வூகாமர்ஸ்: வேர்ட்பிரஸ் மேல் இயங்குவது. சிறு கடைகள் பலவும் இதில்தான் தொடங்குகின்றன. வேர்ட்பிரஸின் இயல்பான தேடல், பொருளின் தலைப்பு, சுருக்கம், விவரணை ஆகியவற்றில்தான் சொல்லைத் தேடும். அட்ரிபியூட்டிலும் கஸ்டம் ஃபீல்டிலும் உள்ள சொற்களை அது பார்ப்பதில்லை.

இதிலேயே இன்னொரு குழி உண்டு. வூகாமர்ஸில் அட்ரிபியூட் இரண்டு விதம். ஒன்று, 'புராடக்ட்ஸ்' மெனுவின் கீழ் உள்ள 'அட்ரிபியூட்ஸ்' பக்கத்தில் கடை முழுக்கப் பொதுவாக உருவாக்குவது. மற்றொன்று, ஒரு பொருளைத் திருத்தும்போது அந்தப் பொருளுக்கு மட்டும் டைப் செய்து சேர்ப்பது. பக்கத்தில் பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஓரத்தில் வரும் ஃபில்டர் பட்டியலில் முதல் வகை மட்டும்தான் வரும். அவசரத்தில் இரண்டாவது வகையில் 400 சேலைகளை ஏற்றியவர்கள், பிறகு திரும்ப உட்கார்ந்து மாற்ற வேண்டியதுதான்.

தேடல் பெட்டியிலும் வரவேண்டும் என்றால் ரெலவன்சி, சர்ச்டபிள்யூபி போன்ற பிளகின் தேவைப்படும். போட்டால் மட்டும் போதாது. எந்த அட்ரிபியூட், எந்த ஃபீல்டு என்று தேர்ந்தெடுத்து, இண்டெக்ஸைக் கட்டச் சொல்ல வேண்டும். "பிளகின் போட்டேன், ஒண்ணும் மாறலையே" என்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியைத் தவறவிட்டவர்கள்.

ஷாப்பிஃபை: பெயர், விவரணை, டேக், பொருள் வகை, விற்பனையாளர் பெயர், சரக்குக் குறியீடு போன்றவற்றில் தேடும். கஸ்டம் விவரங்களை மெட்டாஃபீல்டில் வைக்கலாம். அவற்றை ஃபில்டராக மாற்ற, ஷாப்பிஃபையே இலவசமாகத் தரும் 'சர்ச் அண்ட் டிஸ்கவரி' ஆப் உதவும். மெட்டாஃபீல்டில் உள்ள ஒரு சொல் தேடல் பெட்டியிலும் நிச்சயம் வரவேண்டும் என்றால், அதை டேக்காகவும் போட்டுவிடுவது பாதுகாப்பான வழி.

மஜெண்டோ: இப்போது அடோபி காமர்ஸ் என்ற பெயரிலும் வருகிறது. பெரிய கடைகளுக்கானது. இதில் ஒவ்வொரு அட்ரிபியூட்டுக்கும் 'யூஸ் இன் சர்ச்' என்று ஒரு தேர்வு உண்டு. அதை 'எஸ்' என்று வைத்தால்தான் தேடலில் சேரும். எந்த விவரத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை 1 முதல் 10 வரை மதிப்பெண் போலவும் கொடுக்கலாம். ஃபில்டருக்குத் தனித் தேர்வு இருக்கிறது. ஆனால் கைப்பட டைப் செய்யும் உரை வகை அட்ரிபியூட்டை அந்த ஃபில்டரில் போட முடியாது. பட்டியலிலிருந்து தேர்வு செய்யும் வகையாக இருக்க வேண்டும். மாற்றிய பிறகு ரீஇண்டெக்ஸ் செய்ய மறக்கக் கூடாது.

மூன்றிலும் பெயர்கள்தான் வேறு. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றும் ஒன்றே: இந்த விவரத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறதா? அந்தக் கட்டத்தைத் தேடலில் சேர்த்தோமா? சேர்த்தபின் இண்டெக்ஸைப் புதுப்பித்தோமா?

இதில் எதிலுமே அடங்காத ஒரு பழக்கமும் நம்மிடம் உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பத் தயாரித்த போட்டோவின் மேலேயே 'சாஃப்ட் சில்க், 9 கஜம், பிளவுஸ் உண்டு' என்று அச்சடித்து, அதே படத்தைத் தளத்திலும் ஏற்றிவிடுவது. மனிதர்கள் படித்துவிடுவார்கள். தேடல் பெட்டிக்கு அது வெறும் படம்.

வாடிக்கையாளர் எந்தச் சொல்லில் தேடுவார்?

கட்டம் தயார், இண்டெக்ஸும் தயார். ஆனாலும் அந்த அக்காவுக்குப் புடவை கிடைத்திருக்காது. அவர் 'கஜம்' என்றார், கடை 'மீட்டர்' என்றது. அவர் 'கூரை' என்றார். ஆடையைக் குறிக்கும் சரியான சொல் 'கூறை'. வீட்டுக்கு மேலே இருப்பதுதான் கூரை. ஆனால் வல்லின 'ற' போடாததற்காக வாடிக்கையாளரை வாசலிலேயே திருப்பி அனுப்ப முடியுமா?

தமிழில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். சேலை, புடவை இரண்டும் ஒன்று. காஞ்சிபுரம், காஞ்சீபுரம், காஞ்சிவரம் மூன்றும் ஒன்று. ஆங்கில எழுத்தில் அடித்தால் ஆளுக்கொரு ஸ்பெல்லிங். 'பட்டுச்சேலை' என்று சேர்த்தும் எழுதுவார்கள், 'பட்டு சேலை' என்று பிரித்தும் எழுதுவார்கள். 'சேலைகள்' என்று தேடினால், 'சேலை' என்று மட்டும் எழுதிய பொருள் வராமல் போகலாம். விவரணையில் 'தூய பட்டில் நெய்தது' என்று இருந்தால், 'பட்டு' என்று தேடுபவருக்கு அது சிக்காது. டு என்பது டி ஆகிவிட்டதே!

எதிர்ப்பக்கமும் உண்டு. எழுத்துக்கோவை உள்ளே எங்காவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் எளிய தேடலில், 'பட்டு' என்று கேட்டால் பட்டுக்கோட்டையில் தைத்த பருத்திச் சட்டையும் வந்து நிற்கும்.

கண்ணுக்கே தெரியாத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தில் உள்ள உயிர்க்குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. அதனால் 'கொட்டடி கட்டம்' என்று சரியாக டைப் செய்தும் வராமல் போக வாய்ப்புண்டு. தளத்தை உருவாக்கித் தருபவரிடம், "யுனிகோடு நார்மலைசேஷன் செஞ்சாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

இவற்றில் பெரும்பகுதியைத் தீர்க்க ஒத்தசொல் பட்டியல் போதும். 'கூறைப்புடவை, கூரைப்புடவை, கூறைச்சேலை', '9 கஜம், ஒன்பது கஜம், மடிசார் புடவை' என்று குழுக் குழுவாக எழுதிக் கொடுத்தால், எதைத் தேடினாலும் எல்லாம் வரும். நல்ல தேடல் கருவிகளில் இந்த வசதி இருக்கும். இல்லாவிட்டால் அந்தச் சொற்களை விவரணையிலேயே இயல்பான ஒரு வாக்கியமாக எழுதிவிடலாம்: 'மடிசார் கட்ட ஏற்ற 9 கஜம் கூறைப்புடவை.'

எதைத் தேடலில் விடலாம், எதை ஃபில்டரில் விடலாம்?

எல்லாவற்றையும் தேடல் பெட்டியின் தலையில் கட்ட வேண்டாம். வாடிக்கையாளர் வாயால் சொல்லிக் கேட்பதெல்லாம் தேடலுக்கு: கூறைப்புடவை, பாலும் பழமும், மயில்கண். பார்த்துத் தேர்ந்தெடுப்பதெல்லாம் ஃபில்டருக்கு: விலை, எடை, நிறம், பிளவுஸ் உண்டா.

ஃபில்டருக்குப் போகும் விவரத்தைக் கைப்பட டைப் செய்யவிடக் கூடாது. விட்டால் ஒருவர் 'பச்சை' என்பார், இன்னொருவர் 'கிரீன்' என்பார், மூன்றாமவர் 'பச்சை ' என்று கடைசியில் ஓர் இடைவெளி விடுவார். ஃபில்டரில் மூன்று பச்சைகள் வந்து நிற்கும். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் மறைந்துவிடும்.

நிறத்துக்கு இரண்டு கட்டம் வைப்பது நல்லது. ஒன்று நிறக் குடும்பம்: நீலம், பச்சை, சிவப்பு. அடுத்தது கடையில் புழங்கும் பெயர்: எம்.எஸ்.சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். ப்ளூ, கிளிப்பச்சை, அரக்கு. விவரம் தெரிந்தவர் 'எம்.எஸ். ப்ளூ' என்றே தேடுவார். தெரியாதவர் நீலத்தைத் தொடுவார். இருவருக்கும் ஒரே சேலை வரவேண்டும்.

எண்களில் எண் மட்டும் இருக்கட்டும். எடைக் கட்டத்தில் '650' என்று போட்டு, கிராம் என்பதை மென்பொருள் காட்டட்டும். '650 கி', 'சுமார் 650', 'முக்கால் கிலோ கிட்ட' என்றெல்லாம் எழுதினால், 'எடை குறைந்தது முதலில்' என்று வரிசைப்படுத்த முடியாது.

'இல்லை' என்பதற்கும் தனிக் கட்டம் வேண்டும். விவரணையில் 'ஜரிகை இல்லாதது' என்று எழுதினால், 'ஜரிகை' என்று தேடுபவருக்கு அதுவும் வந்துவிடும். 'ஜரிகை: உண்டு / இல்லை' என்று ஃபில்டரில் வைத்துவிட்டால் அந்தக் குழப்பமாவது குறையும்.

எல்லாவற்றையும் தேடவைக்கலாமா?

கூடாது. சில பிளகின்களில் 'எல்லா ஃபீல்டையும் சேர்' என்று ஒரு சுலபத் தேர்வு இருக்கும். சோம்பலில் அதைத் தட்டிவிடுவோம். அந்த ஃபீல்டுகளில் கொள்முதல் விலை இருக்கலாம், நெசவாளரின் போன் எண் இருக்கலாம், 'இந்த லாட் கொஞ்சம் டேமேஜ்' என்று நமக்கு நாமே எழுதிய குறிப்பும் இருக்கலாம். தேடல் முடிவில் பொருந்திய வரியை எடுத்துக் காட்டும் அமைப்பு இருந்தால், அது அப்படியே ஊருக்கே தெரியும். தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது.

இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. ஒரு விவரத்தை ஃபில்டராக வைத்தால், அது வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வாக்கு. 'கைத்தறி' என்ற ஃபில்டரைத் தொட்டு ஒருவர் வாங்குகிறார் என்றால், அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பணம் கட்டுகிறார். அதில் விசைத்தறிச் சேலை ஒன்று கலந்திருந்தால் அது வெறும் டேட்டா என்ட்ரி பிழை இல்லை. அசல் ஜரிகை, டெஸ்டட் ஜரிகை என்பதும் அப்படித்தான். பட்டுக்கு 2004 முதல் சில்க் மார்க்கும், கைத்தறிக்கு 2006 முதல் ஹேண்ட்லூம் மார்க்கும் இருக்கின்றன. முத்திரை உள்ள சரக்குக்கு மட்டும் அந்த ஃபில்டரைப் போடுங்கள். தெரியாததைக் காலியாக விடுவது, ஊகித்து நிரப்புவதைவிட மேல்.

காட்டினால் போதுமா என்ற கேள்வி அரசு வரைக்கும் போயிருக்கிறது. பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதைப் பக்கத்தில் காட்ட வேண்டும் என்று ஏற்கெனவே விதி உண்டு. ஆனால் லட்சக்கணக்கான பொருட்களுக்கு நடுவே ஒவ்வொரு பக்கமாகத் திறந்து யார் பார்ப்பது? அதனால், இறக்குமதிப் பொருட்களை விற்கும் இணைய வணிகத் தளங்கள் 'தயாரான நாடு' என்பதைத் தேடவும் வரிசைப்படுத்தவும் முடிகிற ஃபில்டராகவே தரவேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2025-ல் ஒரு வரைவுத் திருத்தத்தை வெளியிட்டது.

எங்கிருந்து தொடங்குவது?

400 சேலைக்கும் இன்றே எல்லா விவரமும் நிரப்ப முடியாது, தேவையும் இல்லை.

முதலில், தேடி எதுவும் கிடைக்காமல் போன சொற்களின் பட்டியலை எடுங்கள். ஷாப்பிஃபையில் இதற்கென்றே அறிக்கை உண்டு. மற்ற தளங்களில் கூகுள் அனலிட்டிக்ஸில், உள்தேடலில் என்ன சொற்கள் வந்தன என்று பார்த்து, அவற்றை நீங்களே தேடிப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் "இது இருக்கா?" என்று வந்த கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் எந்தச் சொல்லில் கேட்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அந்தப் பட்டியலில் அடிக்கடி வரும் ஐந்தாறு விவரங்களுக்கு மட்டும் கட்டம் உருவாக்குங்கள். மதிப்புகளை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பொருள்களை ஒரு சிஎஸ்வி கோப்பாக இறக்கி, எக்செல்லில் நிரப்பி, திரும்ப ஏற்றலாம். ஒவ்வொரு பக்கமாகத் திறக்க வேண்டியதில்லை. ஏற்றுவதற்கு முன்னால் பழைய கோப்பின் நகல் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு பரீட்சை. கடைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம், அம்மாவோ நண்பரோ, ஒரு சேலையைக் காட்டுங்கள். "இதை எங்க சைட்ல தேடிக் கண்டுபிடிங்க" என்று போனைக் கொடுங்கள். அவர் டைப் செய்வதைத் திருத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பத்து சேலைக்கு இப்படிச் செய்தால், எந்தக் கட்டம் விடுபட்டது, எந்தச் சொல் விடுபட்டது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அந்த அக்கா மாதிரி ஒருவர் அடுத்த முறை 'கூரைப்புடவை 9 கஜம்' என்று தப்பாகவே அடிக்கட்டும். பதினொன்றும் வரிசையாக வந்து நிற்க வேண்டும்.